கலங்கரை விளக்கத்துக்கு என்ன அனுப்புவது?

வர்ஜீனியா உல்ஃப் எழுதிய ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவலின் மூன்றாம் பகுதி ஒரு காலை உணவு மேசையில் தொடங்குகிறது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் கோடைக்கால வீட்டுக்குத் திரும்பியிருக்கும் ராம்சே குடும்பத்தினர், அன்று படகேறிக் கலங்கரை விளக்கத்துக்குப் போகவேண்டும். கிளம்பவேண்டிய பிள்ளைகள் இருவரும் இன்னும் தயாராகவில்லை, வழிக்குச் சாண்ட்விச் கட்டித்தரச் சொல்ல மகள் நான்சி மறந்துவிட்டாள், அப்பா கோபித்துக்கொண்டு கதவை அறைந்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்தக் களேபரத்தின் நடுவே நான்சி உள்ளே வந்து, விருந்தாளியாகத் தனியே உட்கார்ந்திருக்கும் ஓவியர் லில்லி பிரிஸ்கோவிடம், கலங்கரை விளக்கத்துக்கு என்னதான் அனுப்புவார்கள் என்று கேட்கிறாள். லில்லிக்கும் தெரியவில்லை.

முதல் பகுதியைப் படித்தவருக்கு விடை தெரியும். விளக்குக் காவலரின் மகனுக்கு இடுப்பில் எலும்புருக்கி நோய்; அவனுக்காகப் பின்னிக்கொண்டிருக்கும் செம்பழுப்பு நிறக் காலுறை, ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகள், கொஞ்சம் புகையிலை, வீட்டில் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் சில பொருள்கள் என்று எல்லாவற்றையும் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த வீட்டின் அம்மா மனத்துக்குள் கட்டி வைத்திருந்தார். அந்த அம்மா இப்போது இல்லை. நாவல் அவருடைய மரணத்தைச் சொன்ன இடத்தில் எனக்குக் கண் கலங்கவில்லை. மகள் இந்தக் கேள்வியைக் கேட்ட இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது. எங்கள் அம்மா போன பிறகு வந்த முதல் பொங்கலில், வாசல் பெருக்க வருகிறவருக்கு அம்மா வழக்கமாக என்ன கொடுப்பார் என்று தங்கை தொலைபேசியில் கேட்டபோது என்னிடமும் பதில் இருக்கவில்லை. அந்த வாரத்தில்தான் இந்த நாவலை மூன்றாம் முறையாகக் கையில் எடுத்தேன். ஆகவே இந்த மதிப்புரை ஒட்டாமல் தள்ளி நின்று எழுதியது அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாவலின் அமைப்பை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். முதல் பகுதியான ‘ஜன்னல்’ ஒரே ஒரு செப்டம்பர் மாலையில் நிகழ்கிறது. நூலில் பாதிக்கும் மேற்பட்ட பக்கங்களை அது எடுத்துக்கொள்கிறது. நடுப்பகுதியான ‘காலம் கடக்கிறது’ பத்து ஆண்டுகளை ஏறத்தாழ இருபது பக்கங்களில் கடந்துவிடுகிறது. கடைசிப் பகுதியான ‘கலங்கரை விளக்கம்’ மறுபடியும் ஒரே ஒரு காலை நேரம். தம் குறிப்பேட்டில் உல்ஃப் இதை இரண்டு பெரிய கட்டங்களும் அவற்றை இணைக்கும் ஒரு நடைவழியுமாகப் படம் வரைந்து வைத்திருந்தார். கதை என்று கேட்டால், சிறுவன் ஒருவன் கலங்கரை விளக்கத்துக்குப் போக ஆசைப்பட்டான், போக முடியவில்லை, பத்து ஆண்டு கழித்துப் போனான் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முதல் முறை, கல்லூரி நாள்களில் படித்தபோது, முப்பது பக்கங்களைக்கூட நான் தாண்டவில்லை. எதுவுமே நடக்கவில்லையே என்பதுதான் அப்போது எனக்கிருந்த குறை. அன்றைக்கு நான் எதிர்பார்த்தவை பிறப்பு, திருமணம், சாவு, சொத்துத் தகராறு போன்ற நிகழ்ச்சிகள். குடும்பத்தின் காலம் அந்த நிகழ்ச்சிகளில் இல்லை, அவற்றுக்கு இடையில் சொல்லியும் சொல்லாமலும் விட்ட சின்னச் சின்னவற்றில்தான் இருக்கிறது என்று இந்த நாவல் தன் அமைப்பினாலேயே காட்டுவதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளுள் ஒன்றான ஸ்கையில், எட்டுப் பிள்ளைகளும் அரை டஜன் விருந்தாளிகளுமாக நிறைந்திருக்கும் ஒரு பழைய வீடு. ஆறு வயது ஜேம்ஸ் தரையில் உட்கார்ந்து, ஆர்மி அண்ட் நேவி அங்காடியின் விலைப்பட்டியலிலிருந்து குளிர்பதனப் பெட்டியின் படத்தைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறான். நாளை வானிலை நன்றாக இருந்தால் கட்டாயம் போகலாம் என்று அம்மா சொன்ன அந்த நொடியில், குளிர்பதனப் பெட்டியின் படமே அவனுக்குப் பேரானந்தம் ததும்பும் பொருளாகிவிடுகிறது. உடனே ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும் அப்பா, நன்றாக இருக்காது என்கிறார். பக்கத்தில் ஒரு கோடரி இருந்திருந்தால் ஜேம்ஸ் அதை எடுத்து அப்பாவின் மார்பைப் பிளந்திருப்பான் என்று நாவல் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறது. அப்பா சொன்னது உண்மை என்பதுதான் இங்கே கொடுமை. உண்மையை மாற்றிச் சொல்வது அவருக்குத் தெரியாது. ஒரு குழந்தையின் மகிழ்ச்சிக்காகக்கூட அவர் அதைச் செய்யமாட்டார்.

இந்தத் தந்தையை உல்ஃப் வெறும் கொடுங்கோலராக விட்டுவிடவில்லை. திரு. ராம்சே ஒரு தத்துவப் பேராசிரியர். மனித அறிவை ஆங்கில எழுத்துகளின் வரிசையாகக் கற்பனை செய்துகொண்டு, தாம் ‘க்யூ’ வரை வந்துவிட்டதாகவும், அடுத்த எழுத்தான ‘ஆர்’ தமக்கு எட்டவே எட்டாதோ என்றும் தோட்டத்தில் நடந்தபடி தவிக்கிறார். தாம் தோற்றுவிட்டோம் என்ற பயம் வரும்போதெல்லாம் மனைவியிடம் வந்து ஆறுதல் கேட்டு நிற்கிறார். அவரும் பின்னலைக் கீழே வைக்காமலே, தம்மிடம் இருக்கும் பலத்தையெல்லாம் திரட்டிக் கொடுக்கிறார். அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே விறைத்து நிற்கும் ஜேம்ஸ், அவரிடமிருந்து ஏதோ உறிஞ்சி எடுக்கப்படுவதை உடம்பால் உணர்கிறான். கணவன் தேறிப் போனபின், இதழ்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் பூவைப்போல அந்தப் பெண் தமக்குள் சுருங்குகிறார். குடும்பத்தில் ஒருவர் ஓயாமல் கொடுப்பவராகவும் இன்னொருவர் ஓயாமல் கேட்பவராகவும் இருப்பதை இவ்வளவு நியாயத்தோடு, இரு பக்கத்து வலியையும் குறைக்காமல் எழுதிய பக்கங்கள் நான் படித்தவரையில் மிகச் சில.

இந்த நடையைத் தமிழில் நாம் நனவோடை என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தச் சொல் இங்கே முழுதாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஒருவருடைய மனத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் நடை இதுவன்று. கதைசொல்லியின் குரல் விலகாமல் கூடவே இருந்து, ஒரே வாக்கியத்தில் தாயின் நினைவிலிருந்து மகனின் நினைவுக்கும், அங்கிருந்து புல்தரையில் படம் வரைந்துகொண்டிருக்கும் லில்லியின் பார்வைக்கும் நழுவிப் போகிறது. ‘அவள்’ என்பது யார், ‘அவர்’ என்பது யார் என்று முதல் நாற்பது பக்கங்களில் பலமுறை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். திரும்பிப் பார்க்கச் சோம்பாதீர்கள். ஒரு வீட்டில் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவர் நினைப்பில் மற்றவர் புகுந்து புறப்படுவது உண்மையில் இப்படித்தான்.

முதல் பகுதியின் உச்சம் இரவு விருந்து. அதற்குச் சற்று முன்னால் ஒரு சிறிய காட்சி வருகிறது. எந்த அணிகலனை அணிவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அம்மா, மகன் ஜாஸ்பரிடமும் மகள் ரோஸிடமும் விட்டுவிடுகிறார். மாமா ஜேம்ஸ் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஓப்பல் மாலையா, செவ்வந்திக் கல்லா? (உல்ஃபின் தாய் ஜூலியா 1846-இல் கல்கத்தாவில் பிறந்தவர், அந்த ஓப்பல் மாலை நாவலுக்குள் எப்படி வந்தது என்று யோசிக்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.) விருந்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் ரோஸ் ஒவ்வொரு நகையாக எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்க்க அவர் பொறுமையாக நிற்கிறார். தாயின்மீது அந்த வயதுப் பெண்ணுக்கு இருக்கும், வாய்விட்டுச் சொல்லமுடியாத ஏதோ ஓர் ஆழ்ந்த உணர்வுதான் இந்த நகைத் தேர்வு என்பது அவருக்குத் தெரிகிறது. அதற்கு ஈடாகத் தாம் திருப்பிக் கொடுக்கக்கூடியது மிகக் குறைவு என்பதும் தெரிகிறது. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் இந்தக் காட்சிக்குப் பிறகு ரோஸ் நாவலில் பெரிதாக எங்கும் வருவதில்லை. ஆனாலும் எட்டுப் பிள்ளைகளில் அவளைத்தான் நான் மறக்கவில்லை.

விருந்து மேசையில் மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டதும், அதுவரை தனித்தனித் தீவுகளாக இருந்த மனிதர்கள் ஒரு கூட்டமாகிறார்கள். வெளியே இருட்டும் நீருமாக இருக்கும் உலகத்துக்கு எதிராக உள்ளே ஓர் ஒழுங்கு கூடுகிறது. சமையற்காரி மூன்று நாள் உழைத்துச் செய்த மாட்டிறைச்சிக் குழம்பின் மணம், ரோஸ் அடுக்கிவைத்த பழத்தட்டு எல்லாம் சேர்ந்து அந்த ஒழுங்கைக் கட்டுகின்றன. அந்தப் பழத்தட்டை யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று திருமதி ராம்சே உள்ளுக்குள் காவல் காத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கை நீண்டு ஒரு பேரிக்காயை எடுக்கிறது, அடுக்கு குலைந்துவிடுகிறது. அதே மேசையில் மூத்த மகள் புரூவைப் பார்த்து, நீயும் ஒரு நாள் இதோ இந்த விருந்தாளிப் பெண் மிண்டாவைப்போல மகிழ்ச்சியாக இருப்பாய், இதைவிட அதிகமாகவே இருப்பாய் என்று மனத்துக்குள் வாக்களிக்கிறார். விருந்து முடிந்து அறையை விட்டு வெளியேறும்போது வாசற்படியில் ஒரு கணம் நின்று தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காட்சி இறந்தகாலமாகிவிடுகிறது. காலம் கடப்பதைச் சொல்ல உல்ஃபுக்கு நாட்காட்டி தேவைப்படவில்லை. ஒரு பெண் ஒரு படியைத் தாண்டுவது போதுமாக இருந்தது.

பிறகு குழந்தைகளின் அறை. சுவரில் யாரோ மாட்டிய பன்றி மண்டையோடு. அதைப் பார்த்தால் மகள் காமுக்குத் தூக்கம் வராது. எடுத்தால் ஜேம்ஸ் அலறுவான். அம்மா தாம் போர்த்தியிருந்த பச்சைச் சால்வையை எடுத்து மண்டையோட்டைச் சுற்றிச் சுற்றி மூடிவிட்டு, அது இப்போது ஒரு பறவைக் கூடு, ஒரு மலை, பூக்கள் நிறைந்த பள்ளத்தாக்கு என்று மகளின் காதில் சொல்லித் தூங்க வைக்கிறார். அடுத்த கட்டிலுக்குப் போய், மண்டையோடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, யாரும் தொடவில்லை என்று மகனுக்கும் சொல்கிறார். இருவரிடமும் அவர் சொன்னது உண்மையே. உண்மையை மாற்றத் தெரியாத அப்பாவுக்கும், உண்மையின்மீது சால்வை போர்த்தத் தெரிந்த அம்மாவுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது. இந்தச் சால்வையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நடுப்பகுதியில் மனிதர்கள் போய்விடுகிறார்கள். வீடும் சால்வையும்தான் மிஞ்சுகின்றன. விளக்குகள் அணைகின்றன, காற்று சாவித் துவாரங்களின் வழியே நுழைகிறது, தொங்கிக்கொண்டிருக்கும் கோட்டுகள் யாருடைய உடம்பின் வடிவத்தையோ காத்துக்கொண்டிருக்கின்றன. ஆண்டுகள் போகப் போக ஓர் இரவில் சால்வையின் ஒரு மடிப்புத் தளர்ந்து ஆடுகிறது. பிறகு இன்னொரு மடிப்பு. வரவேற்பறையில் குருவிகள் கூடு கட்டுகின்றன. சமையல் பொருள் அறையில் ஓடுகளைப் பிளந்துகொண்டு முட்செடி தலை நீட்டுகிறது. இவையெல்லாம் நாவலின் முதன்மை வாக்கியங்கள். மனிதர்களுக்கு நேர்ந்தவை சதுர அடைப்புக்குறிகளுக்குள், ஓரிரு வரிகளில், போகிற போக்கில் வருகின்றன. புரூவுக்கு மே மாதத்தில் திருமணம் நடக்கிறது. அடுத்த அடைப்புக்குறியில் பேறுகால நோயில் அவள் இறந்துபோகிறாள். பிரான்சில் குண்டு வெடித்து இருபது முப்பது இளைஞர்கள் இறக்கிறார்கள்; அவர்களுள் ஒருவன் மகன் ஆண்ட்ரூ. திருமதி ராம்சேயின் மரணம் வரும் விதம் இன்னும் நுட்பமானது. இருண்ட காலை ஒன்றில் நடைவழியில் தடுமாறி வரும் கணவர் கைகளை நீட்டுகிறார். முந்தைய இரவு மனைவி திடீரென்று இறந்துவிட்டிருந்ததால் அந்தக் கைகள் வெறுமையாக நிற்கின்றன. இலக்கணப்படி பார்த்தால் மரணம் இங்கே ஓர் எச்சவினையாகத்தான் வருகிறது. முற்றுவினை வெறுங்கைகளுக்கு உரியது. எச்சமும் முற்றும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வாக்கியத்தின் கட்டுமானத்தை விளக்கவே தேவையில்லை. வீட்டில் ஒருவர் இறந்த மறுநாள் காலை நமக்கு உறைப்பது மரணம் என்ற செய்தியன்று. பழக்கத்தால் நீண்ட கை காற்றில் நிற்பதுதான்.

முதல் பகுதியில் லில்லி, திரு. ராம்சேயின் நூல்கள் எதைப் பற்றியவை என்று ஆண்ட்ரூவிடம் கேட்கிறாள். நீங்கள் அங்கே இல்லாதபோது இருக்கும் ஒரு சமையலறை மேசையை நினைத்துப் பாருங்கள் என்று அவன் சொல்கிறான். அப்போது அது வேடிக்கையான பதிலாகத் தெரிகிறது. நடுப்பகுதி முழுவதுமே, யாரும் அங்கே இல்லாதபோது இருக்கும் மேசையும் நாற்காலியும் கண்ணாடியும்தான் என்பது இரண்டாம் வாசிப்பில்தான் எனக்குப் பிடிபட்டது. அந்த விளக்கத்தைச் சொன்ன பையனும் அதே பகுதியில் ஓர் அடைப்புக்குறிக்குள் மறைந்துபோகிறான்.

நடுப்பகுதியில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. பாழடைந்துகொண்டிருக்கும் வீட்டைக் காலத்தின் வாயிலிருந்து மீட்பவர்கள், பெருக்கித் துடைக்க வரும் முதிய பெண்களான திருமதி மெக்நாபும் திருமதி பாஸ்ட்டும். பூஞ்சை பிடித்த புத்தகங்களை வெயிலில் காயவைத்து, தேநீர்க் கோப்பைகளைத் தேய்த்து, குளியலறைக் குழாயைச் சரிசெய்து, பத்தாண்டு அழிவை இவர்கள்தான் திருப்பி நிறுத்துகிறார்கள். மாண்டுபோன எசமானியின் சாம்பல் நிற மேலங்கி இன்னும் தொங்குவதைப் பார்த்து, தோட்டத்தில் பூக்களுக்குமேல் குனிந்து நின்ற அவரை நினைத்துக்கொள்பவரும் திருமதி மெக்நாப்தான். அப்படிப்பட்டவரைப் புத்தி மழுங்கியவர், தள்ளாடிக்கொண்டு அசைபவர் என்றெல்லாம் உல்ஃப் எழுதும்போது, மற்ற எல்லாருக்கும் கிடைத்த உள்மனம் இவருக்கு மட்டும் அரைகுறையாகக் கிடைத்ததாகத் தோன்றுகிறது. மேல்வர்க்கத்து வீட்டில் வளர்ந்த ஆசிரியரின் பார்வை எல்லை இது. இரண்டு முறை முழுதாகப் படித்தும் இந்தப் பக்கங்களோடு எனக்கு உடன்பாடு ஏற்படவில்லை.

இவ்வளவு அந்தரங்கமான நூலுக்குப் பின்னால் ஆசிரியரின் சொந்தக் குடும்பம் இருப்பதில் வியப்பில்லை. உல்ஃபின் தந்தை லெஸ்லி ஸ்டீஃபன், ஆங்கில தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் பதிப்பாசிரியர். 1882-இல் பிறந்த வர்ஜீனியாவின் குழந்தைப் பருவக் கோடைகளெல்லாம் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் டாலண்ட் இல்லம் என்ற வாடகை வீட்டில் கழிந்தன. விரிகுடாவின் மறுபக்கத்தில் கோட்ரெவி கலங்கரை விளக்கம். அந்த வீட்டில் கடைசிக் கோடை 1894. அடுத்த ஆண்டு மே 5 அன்று அம்மா ஜூலியா இறந்தபோது வர்ஜீனியாவுக்கு 13 வயது. நாவல் வெளியான நாள் 1927 மே 5. பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே ஒரு செய்தித்தாள் நடத்தினார்கள். 1892 செப்டம்பரில் அதில் வந்த குறிப்பொன்று, அண்ணன் தோபியையும் வர்ஜீனியாவையும் கலங்கரை விளக்கப் பயணத்துக்கு அழைத்ததாகவும், கடைக்குட்டித் தம்பி ஏட்ரியனுக்கு அனுமதி கிடைக்காததால் அவன் மிகவும் ஏமாற்றம் அடைந்ததாகவும் தெரிவிக்கிறது. தம்பியின் அந்த ஏமாற்றத்தை அக்கா 35 ஆண்டுகள் மறக்காமல் வைத்திருந்து ஜேம்ஸுக்குக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் எதையும் மறப்பதில்லை என்று திருமதி ராம்சே முதல் பகுதியில் கவலைப்படுவதை இந்தக் குறிப்போடு சேர்த்துப் படித்தால் மனம் கனக்கிறது.

லண்டனில் டாவிஸ்டாக் சதுக்கத்தைச் சுற்றி நடக்கும்போது இந்த நாவல் தம்மையறியாமல் ஒரே வேகத்தில் உருவானதாகவும், எழுதி முடித்தபின் அதுவரை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த தாயின் குரல் நின்றுவிட்டதாகவும் உல்ஃப் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். நூலைப் படித்த அக்கா வனெசா பெல், அம்மாவை இறந்தோரிடமிருந்து எழுப்பிக் கொண்டுவந்துவிட்டாய், அதைத் தாங்குவதே கடினமாக இருக்கிறது என்ற பொருளில் கடிதம் எழுதினார். கையெழுத்துப் படியை முதலில் படித்துவிட்டு இதை ஓர் உளவியல் கவிதை என்று சொன்னவர் கணவர் லெனர்ட் உல்ஃப். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் காலனி ஆட்சியின் அதிகாரியாக இருந்தவர், தமிழ் கற்றவர். நூலை வெளியிட்டதும் அவர்கள் இருவரும் சொந்தமாக நடத்திய ஹோகார்த் பிரஸ்தான்.

மூன்றாம் பகுதி, என் கணிப்பில், மற்ற இரண்டையும்விடச் சற்றுத் தளர்ந்தது. கரையில் லில்லி ஓவியத்தோடு போராடும் இடங்கள் சில தேவைக்குமேல் நீள்கின்றன. ஆயினும் அதில் வரும் இரண்டு காட்சிகளுக்காக மட்டுமே முழு நூலையும் படிக்கலாம் என்பேன். முதலாவது, காலணிக் காட்சி. மனைவியை இழந்த திரு. ராம்சே, அதே பழைய பசியோடு லில்லியின் முன்னால் வந்து நிற்கிறார். அவர் எதிர்பார்க்கும் அனுதாபச் சொல் அவளுக்கு வாயில் வரவே இல்லை. திகைப்பில், உங்கள் காலணிகள் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறாள். சொன்னதும் வெட்கமாகிவிடுகிறது, துக்கத்தில் இருப்பவரிடம் காலணியைப் பற்றியா பேசுவது என்று பயப்படுகிறாள். அவரோ முகம் மலர்ந்து, நல்ல தோல் கிடைப்பதன் அருமையைச் சொல்லி, தாம் கண்டுபிடித்த முடிச்சைக் காட்டுவதற்காகக் குனிந்து அவளுடைய காலணிக் கயிற்றை மூன்று முறை கட்டி மூன்று முறை அவிழ்க்கிறார். அப்போதுதான், அவர் கேட்காமல் இருக்கும் அந்தக் கணத்தில்தான், லில்லிக்கு அவர்மீது உண்மையான இரக்கம் சுரக்கிறது. கேட்டு வாங்கும் அன்புக்கும் தானே வரும் அன்புக்கும் உள்ள தூரத்தை ஒரு முடிச்சின் அளவில் காட்டிவிடுகிறார் உல்ஃப்.

இரண்டாவது, படகு. ஜேம்ஸுக்கு இப்போது பதினாறு வயது. காமுக்குப் பதினேழு இருக்கலாம். அப்பாவின் கொடுங்கோன்மையைச் சாகும்வரை எதிர்ப்பது என்று இருவரும் பேசாமலே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா, மகளிடம் நாய்க்குட்டிக்கு என்ன பெயர் வைக்கப் போகிறாய் என்று பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறார். காமுக்கு மனம் இளகுகிறது. தம்பியின் பார்வைக்குப் பயந்து அடக்கிக்கொள்கிறாள். தந்தையை நேசிப்பதும் தம்பிக்குத் துரோகம் செய்யாதிருப்பதும் ஒருங்கே இயலாமல் அவள் படும் பாடு, உடன்பிறந்தாரோடு வளர்ந்த எவருக்கும் தெரிந்த பாடுதான். ஜேம்ஸ் குழந்தையாக இருந்தபோது பார்த்த கலங்கரை விளக்கம், மாலையில் மஞ்சள் கண்ணைத் திறக்கும் வெள்ளி நிறக் கோபுரம். இப்போது அருகில் வரும்போது கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய மொட்டைக் கோபுரம், பாறைமேல் துணிகள்கூடக் காய்கின்றன. இதுதான் உண்மையா, அது பொய்யா என்று கேட்டுக்கொள்ளும் அவன், அதுவும் கலங்கரை விளக்கமே என்ற முடிவுக்கு வருகிறான். ஒரு மகன் தன் தந்தையைப் பற்றியும் இதே முடிவுக்கு வரமுடியும் என்பதை நாவல் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. கரை சேரும் நேரத்தில், சுக்கான் பிடித்து வந்த மகனைப் பார்த்து அப்பா, நன்றாகச் செய்தாய் என்று ஒரே ஒரு சொல் சொல்கிறார். மகன் பதில் சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் எவ்வளவு காலமாக அதற்காகக் காத்திருந்தான் என்பது அக்காவுக்கு மட்டும் தெரிகிறது.

இனி, எந்தப் பதிப்பை வாங்குவது என்பது. உல்ஃப் 1941-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளுக்குப் பின் காப்புரிமை முடிந்துவிடுவதால், மலிவுப் பதிப்புகள் பல இணையக் கடைகளில் கிடைக்கின்றன. நான் இரண்டாம் முறை படித்தது அப்படிப்பட்ட ஒன்று. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். அதில் நடுப்பகுதியின் சதுர அடைப்புக்குறிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, மரணச் செய்திகளைச் சாதாரணப் பத்திகளாக அச்சிட்டிருந்தார்கள். உட்பிரிவு எண்களும் இல்லை. நடுப்பகுதியின் 10 உட்பிரிவுகளும் ஒன்றோடொன்று ஒட்டி, இரவும் பருவமும் மாறுவதே தெரியாமல் போயிருந்தது. வேறு எந்த நாவலிலாவது இது சிறு அச்சுப்பிழை. இந்த நாவலில் அது நெஞ்சை எடுத்துவிடுவதற்குச் சமம். ஆகவே மலிவுப் பதிப்பை வாங்குவோர், நடுப்பகுதியைத் திறந்து சதுர அடைப்புக்குறிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்கவும்.

ஹெர்மியோன் லீ முன்னுரையும் குறிப்புகளும் எழுதிய பெங்குவின் பதிப்பும், டேவிட் பிராட்ஷா பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பும் நம்பகமானவை. இரண்டிலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். யார் யார் இறக்கிறார்கள் என்பது முன்னரே தெரிந்துவிட்டால் அடைப்புக்குறிகள் தம் வேலையைச் செய்யமாட்டா. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிரிட்டிஷ், அமெரிக்க முதற்பதிப்புகளின் அச்சுப்படிகளை உல்ஃப் தனித்தனியே திருத்தியதால் இரண்டுக்கும் பல இடங்களில் வேறுபாடு உண்டு. கைகள் வெறுமையாக நின்ற அந்த வாக்கியம் அமெரிக்கப் பதிப்பில் ஒரே தொடராக முடிகிறது. பிரிட்டிஷ் பதிப்பிலோ கைகளை நீட்டினார் என்று நிறுத்திவிட்டு, அவை வெறுமையாக இருந்தன என்று தனி வாக்கியமாக வருகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. அந்த முற்றுப்புள்ளியில் ஒரு மூச்சு நின்றுபோவது கேட்கிறது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? கதை வேகத்துக்காகப் படிப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. பெற்றோரில் ஒருவரை இழந்தவர்கள், பெற்றோரோடு ஏதோ ஒரு பழைய வழக்கு இன்னும் தீராமல் இருப்பவர்கள், எட்டு மணிக்குள் சமையலை முடித்துவிட்டு ஜன்னலருகே ஒரு நிமிடம் உட்காரக் கிடைக்காதா என்று ஏங்குபவர்கள் இதை மெதுவாக, நாளுக்குப் பத்துப் பக்கம் என்ற கணக்கில் படிக்கலாம். ஒரே மூச்சில் படிக்கும் நூலன்று இது.

மூன்றாம் வாசிப்பில் நான் தேடியது வேறொன்று. நான்சியின் கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா, கடைசியில் என்னதான் அனுப்பினார்கள் என்று படகுக் காட்சிகள் அனைத்தையும் பென்சிலோடு படித்தேன். காலுறையை அம்மா முடிக்கவில்லை. முதல் பகுதியின் கடைசிப் பக்கத்தில் அதை முழங்காலில் வைத்து நீவிவிட்டபடி, முடிக்கப் போவதில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். படகில் பழுப்புக் காகிதம் சுற்றிய பொட்டலங்கள் இருக்கின்றன. கரையை நெருங்கியதும் அப்பா, அவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள், கலங்கரை விளக்கத்தில் இருப்பவர்களுக்கு உரியவை என்கிறார்; தாமும் ஒரு பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு இளைஞனைப்போலப் பாறைமேல் தாவி இறங்குகிறார். உள்ளே என்ன இருந்தது என்று நாவல் எங்கும் சொல்லவில்லை. நான்சி கட்டிக் கொடுத்தாள் என்பது மட்டும் இருக்கிறது.